சந்தனம் பூசிய விமானம்

மாமா பட்டணத்தில் ஒரே கடையில் வாங்கி வந்த இரண்டு விமானங்களில், அண்ணனுக்குக் கிடைத்தது தகரத்தில் செய்த முழு விமானம். சாவி கொடுத்தால் கூடமெல்லாம் கடகடவென்று ஓடும். எனக்குக் கிடைத்தது ஓர் அட்டைப்பெட்டி. திறந்தால் தக்கை போல லேசான பலகைகள், குச்சிகள், மெல்லிய தாள், ஒரு ரப்பர் வளையம், சின்ன விசிறி. பொட்டைப் பிள்ளைதானே என்று உடைந்ததைத் தள்ளிவிட்டார் என எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

அம்மாவுக்கும் அதே சந்தேகம். “இன்னாடா இது, கொயந்தைக்குப் போயி ஒடைஞ்சத வாங்கிக்கினு வந்துகீற?” என்று தன் தம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“ஒடைஞ்சது இல்லக்கா, இன்னும் செய்யாதது” என்றார் மாமா. ஆயுத பூஜைக்கு வருவதாகவும், அதற்குள் அதைச் செய்து நான் பறக்கவிடாவிட்டால் எடுத்துக்கொண்டு தகர விமானமே தந்துவிடுவதாகவும் சொல்லிவிட்டு உத்திரமேரூர் பஸ் ஏறினார்.

சும்மா இருந்தாலே போதும், தகர விமானம் வந்துவிடும். கைதான் சும்மா இருக்கவில்லை. பெட்டியிலிருந்த படத்தைப் பார்த்து அப்பாவின் சவர பிளேடால் பலகைகளை வெட்டினேன். பசை தீர்ந்ததும் மைதா காய்ச்சி ஒட்டினேன். ஒரு சாயங்காலம் இரண்டு இறக்கைகளும் பொருந்தி, முழுசாகத் தூக்கிப் பார்த்தபோது கையில் ஒன்றுமே இல்லாதது போல இருந்தது. இதை மாமா எடுத்துப் போய்விடுவாரே என்று அப்போதே பயம் பிடித்துக்கொண்டது.

பயந்தபடியே அது பறக்கவில்லை. களத்துமேட்டில் நின்று, விசிறியைச் சுற்றி ரப்பரை முறுக்கி விட்டால், மூக்கைத் தூக்கிக்கொண்டு மேலே போகும், வழி மறந்தாற்போல் நிற்கும், வால் அடிபட விழும். ஒட்டி மறுபடி விட்டாலும் அதே கதைதான். அண்ணன் தன் தகர விமானத்தைக் கையில் தூக்கிப் பிடித்து, வாயால் சத்தம் போட்டுக்கொண்டு என்னைச் சுற்றி ஓடுவான். பார்க்கப்போனால் அவனுடையதுதான் அதிக தூரம் பறந்தது.

பூஜையன்று அம்மா சைக்கிள், மண்வெட்டி, பம்புசெட் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டே வந்தாள். என் விமானத்தை மட்டும் விடுவாளா? மீந்த சந்தனத்தை உருட்டி அதன் மூக்கில் அப்பி, குங்குமமும் வைத்தாள். மாமா வந்து பார்த்துக்கொண்டு நிற்க, ரப்பரை முறுக்கி விட்டேன். அது மூக்கைத் தூக்கவில்லை. களத்தைத் தாண்டி, வைக்கோற்போரைச் சுற்றிக்கொண்டு போய், வரப்பின் மேல் மெல்ல இறங்கியது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. சாமிதான் தூக்கிக்கொண்டு போனது என்று நினைத்தேன்.

“இன்னா கண்ணு, மாத்திக்கினு வரட்டா?” என்றார் மாமா. ஓடிப்போய் எடுத்து முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன்.

மறுநாள் சந்தனம் காய்ந்து உதிர்ந்துவிட்டது. விமானம் பழையபடி வால் அடிபட விழுந்தது. மாமா வரப்பிலிருந்து கொஞ்சம் களிமண்ணைக் கிள்ளி, சந்தனம் இருந்த அதே இடத்தில் அப்பினார். வெறும் மண்ணை நம்பி எப்படி விடுவது? வீட்டுக்குள் ஓடிக் குங்குமச் சிமிழை எடுத்து வந்து பொட்டு வைத்த பிறகுதான் சம்மதித்தேன். மாமா சிரித்தார். விமானம் பறந்தது.

அண்ணன் தன் தகர விமானத்தை என்னிடம் நீட்டினான். தாராளமாக அதற்கும் களிமண் அப்பி, பெரிய பொட்டாகவே வைத்துக் கொடுத்தேன். அவன் வீசிய இடத்துக்கு இரண்டடி தள்ளி அது தொப்பென்று விழுந்ததற்கு, அவனுக்குப் பக்தி போதாது என்பதைத் தவிர வேறு காரணம் எதுவும் எனக்குத் தோன்றவில்லை.