அப்பளக் கட்டில் போன டிஸ்க்

புரோகிராம் எழுதுவது பாதி வேலை. அது சேதமில்லாமல் போய்ச் சேருவது மீதி வேலை. ஊருக்குப் பார்சல் கட்டிய உங்களுக்கெல்லாம் இந்தப் பாடு தெரியும். எண்பதுகளில் துபாயில் தேரா கடைத்தெருவில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் நானும் யாழ்ப்பாணத்து யோகனும் வேலை பார்த்தோம். அடுத்தவர் எழுதிய புரோகிராமில் எந்த வரியில் தப்பு என்று காட்டிக்கொடுக்கும் ஒரு புரோகிராமை இருவரும் சேர்ந்து செய்தோம். முதல் ஆர்டர் சவூதியில் ஜுபைலிலிருந்து வந்தது.

தபால் உறை

ஆர்டர் கொடுத்தவர் புதுக்கோட்டை முருகேசன், அங்கே ஒரு தொழிலாளர் கேம்ப்பில் கம்ப்யூட்டர் பார்ப்பவர். முன்பிருந்த ஆள் எழுதிவிட்டுப் போன டூட்டிக் கணக்கு புரோகிராம் மக்கர் செய்தது. அதைச் சரிசெய்யாமல் லீவு கிடையாது என்று மேனேஜர் சொல்லிவிட்டார். ஊரில் பிறந்த மகளை முருகேசன் இன்னும் பார்க்கவில்லை. புரோகிராமை ஃப்ளாப்பி டிஸ்கில் ஏற்றி, உறைமேல் ‘மடிக்காதீர்’ என்று ஆங்கிலத்திலும் அரபியிலும் எழுதி அனுப்பினோம். பத்து நாள் கழித்துப் போன் வந்தது.

“அண்ணே, டிஸ்க் வந்துருச்சு. தபால் பெட்டியில நுழையலன்னு ரெண்டா மடிச்சு வச்சிருக்காங்க.”

பிஸ்கட் டப்பா

அடுத்த டிஸ்கை பிஸ்கட் டப்பாவில் வைத்து, ஜுபைலுக்கு லாரி ஓட்டும் காயல்பட்டினம் காதர் பாயிடம் கொடுத்தேன். ஒரு குழந்தையின் அப்பா ஊருக்குப் போகிற விஷயம், பத்திரம் என்றேன். போய்ச் சேர்ந்தபோது டிஸ்கின் விளிம்பு அப்பம் மாதிரி மேலே எழும்பியிருந்தது. முருகேசன் கோபப்படவே இல்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை. திரும்பி வந்த காதர் பாயிடம் எரிந்து விழுந்தேன்.

“நீங்க சொன்னதக் கேட்டு, சீட்டுக்கு அடியில போட மனசு வரல தம்பி. வண்டி முன்கண்ணாடிகிட்ட, என் கண்ணு முன்னாலயே வச்சுக் கொண்டு போனேன்.”

அப்பளக் கட்டு

“கவனம் எண்டு எழுதினா ஒருத்தரும் பாக்கினமில்லை. அப்பளம் எண்டு சொல்லிப் பாருங்கோ அண்ணை,” என்றான் யோகன். இன்னொரு டிஸ்கைப் பாலிதீன் பையில் போட்டு ஒட்டி, பெரிய அப்பளங்களுக்கு நடுவே வைத்துக் கட்டினோம். வெயிலில் வைக்காதீர்கள் என்று வாயெடுத்தேன். “அப்பளத்த வெயில்ல வச்சா நொறுங்கிப் போயிராதா? எனக்குத் தெரியாதா?” என்று காதர் பாய் கட்டைச் சாப்பாட்டுக் கூடையில் வைத்துக்கொண்டார்.

ஐந்தாம் நாள் முருகேசன் பேசினார். தப்பான வரி அகப்பட்டுவிட்டது; மேனேஜரும் லீவுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டார். யோகன் போனைப் பிடுங்கி, இன்னும் என்ன குறை என்று கேட்டான்.

“குறை ஒண்ணுமில்லண்ணே. பாப்பா என்னப் பாத்து அழாம இருக்கணும், இப்ப அதான் பயம்.”

அதன்பின் எங்களிடம் வாங்கியவர்கள் எல்லோரும் புரோகிராமில் ஏதாவது குறை சொன்னார்கள். அப்பளத்தில் ஒருவரும் சொன்னதில்லை.