உப்புப் பார்க்காத கறி

நான் பயந்தாங்கொள்ளி. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. லிஃப்டுக்குப் பயம், நாய்க்குப் பயம், பழுப்பு நிற உறையில் வரும் கடிதத்துக்குப் பயம், ஐப்பசி மாதத்தில் வீட்டுக்குள் ஓடித் திரியும் நீளக்கால் சிலந்திக்குப் பயம். "பயப்பிட ஒண்டுமில்லாட்டி, ஏன் ஒண்டுமில்லையெண்டு பயப்பிடுவீர்," என்பார் என் வீட்டுக்காரர். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது எனக்காகவே சொல்லிவைத்த பழமொழி.

ஆனாலும் இந்த ஊரில் எனக்குப் பிடித்த காலம் இலையுதிர்காலம்தான். லண்டன் மோர்டனில் எங்கள் தெரு முழுக்க இலை கொட்டிக் கிடக்கும். நவம்பர் பிறக்காமல் ஹீட்டரில் கை வைக்கக் கூடாது என்பது இவருடைய சட்டம். அதனால் நான் இவருடைய பழைய ஸ்வெட்டரைப் போட்டு, இரண்டு சோடி காலுறையும் மாட்டிக்கொண்டு, இஞ்சி தட்டிப் போட்ட தேத்தண்ணியோடு குசினி யன்னலடியில் இருப்பேன். அந்த யன்னலால் பார்த்தால் பக்கத்து வீட்டுத் தோட்டமும் அங்கே நிற்கும் அப்பிள் மரமும் தெரியும். அந்த வீட்டில் எண்பது கடந்த ஆங்கிலேயப் பெண்மணி ஒருவர் தனியாக இருக்கிறார். நூலகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஒவ்வொரு வருடமும் ஒரு கிண்ணம் நிறைய அப்பிள் கொண்டுவந்து தருவார். வாயில் வைக்க முடியாத புளிப்பு. நான் வெந்தயமும் செத்தல் மிளகாயும் போட்டுச் சட்னி செய்துவிடுவேன்.

அந்த வருடமும் அப்பிள் வந்தது. கிண்ணம் ஒரு கிழமையாக என் மேசையில் கிடந்தது. ஏதனத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கிற பழக்கம் எங்கள் ஆட்களிடம் இல்லை. கொஞ்சம் சீனியாவது போட்டுத்தான் கொடுக்க வேண்டும். அவருக்குச் சீனி ஆகாது. என்ன போடுவது என்று யோசித்துக்கொண்டே ஒரு கிழமை போய்விட்டது.

சனிக்கிழமைகளில் இவருக்கு மதியத்துக்குப் பிறகுதான் ஷிப்ட். காலையில் காரில் அரை மணித்தியாலம் தெற்கே போனால் லண்டன் முடிந்து வயலும் காடும் வந்துவிடும். பிளாஸ்கில் தேத்தண்ணி, பெட்டியில் மீன் பணிஸ், அதுதான் எங்கள் உல்லாசப் பயணம். ஆனால் அன்று கந்தசஷ்டியின் மூன்றாம் நாள். இருவரும் விரதம். பகலில் தண்ணீர் மட்டும், இரவில் பாலும் பழமும். இவர் காரை வயலோரம் நிறுத்தி, சீற்றைச் சாய்த்துப் படுத்துவிட்டார். பசியோடு இருக்கும் இரண்டு பேர் சண்டை பிடிக்காமலிருக்க அது நல்ல வழி. நான் மட்டும் வேலியோரமாக நடந்தேன். மூடுபனி இன்னும் விலகவில்லை. பத்தடிக்கு அப்பால் எது நிற்கிறதென்று தெரியாத அந்த வெண்மைக்கும் எனக்குக் கொஞ்சம் பயம்தான்.

வயல் மூலையில் வைக்கோல் குவிந்து உக்கிப் போய்க் கிடந்தது. அதன் ஓரத்தில் காளான்கள் நின்றன. வெளிர் சாம்பல் நிறம், வழுவழுப்பான குடை. ஒன்றைக் கிளப்பிப் பார்த்தேன். அடியில் முட்டைக் கோது உடைந்தது போல ஓர் உறை. எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. சின்ன வயதில் எங்கள் ஊரில் மழை விட்ட மறுநாள் வைக்கோல் போருக்குப் பக்கத்தில் நாங்கள் தேடிப் பிடுங்குவது இதைத்தான். அந்தக் கோது இருந்தால் நல்ல காளான் என்பது எங்கள் கணக்கு. எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவள் இதற்கு மட்டும் பயப்படவில்லை. ஒரு துணிப்பை நிறையப் பிடுங்கினேன். போனில் படமும் எடுத்து, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெருமையாகப் போட்டேன். இவர் கண் விழிக்கவே இல்லை. பை காரின் பின்பக்கம் போனது.

பத்தரைக்கு வீட்டுக்கு வந்தோம். இவர் குளித்து வேலைக்குப் போனார். காளான் அடுத்த நாள் வரை தாங்காது, நாங்கள் சாப்பிடவும் முடியாது. அப்போதுதான் கிண்ணம் கண்ணில் பட்டது. பச்சை மிளகாயைக் குறைத்து, வெங்காயம் வதக்கி, தேங்காய்ப்பால் விட்டு, கடைசியில் தேசிக்காய் பிழிந்து இறக்கினேன். வழக்கமாக உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு உப்புப் பார்ப்பேன். விரதமென்பதால் பார்க்கவில்லை. கைமட்டத்தில் போட்டதோடு சரி.

ஒரு மணிக்குக் கிண்ணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் மூடியைத் திறந்து மணந்து பார்த்துவிட்டு, இதோ இப்போதே இரண்டு பாண் துண்டை வாட்டி இதோடு மதியச் சாப்பாட்டை முடிக்கப் போகிறேன் என்றார்.

மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்க போன் அடித்தது. சுவிஸிலிருந்து மச்சாள், இவருடைய தமக்கை.

"எடியே, அந்தக் காளானைச் சமைச்சுக் கிமைச்சுப் போட்டியே?"

"ஏன் மச்சாள்?"

"அடியில கோது இருக்கெல்லோ? அந்தக் கோது உள்ளதுதானடி நஞ்சு. இஞ்ச வருசா வருசம் அதாலை ஆக்கள் சாகினம். காட்டில புடுங்கினால் பாக்கிறதுக்கெண்டு ஊருக்கு ஊர் ஒரு ஆளை வைச்சிருக்கிறாங்கள், அவருக்குக் காட்டிப்போட்டுத்தான் நாங்கள் அடுப்பில வைக்கிறது. நீங்கள் சாப்பிட்டிட்டியளோ?"

"இல்லை மச்சாள், விரதமெல்லோ."

"முருகன் காப்பாத்தினான். சாப்பிட்ட உடன ஒண்டும் தெரியாதாம். ஆறேழு மணித்தியாலத்துக்குப் பிறகுதான் சத்தி, வாந்தியெண்டு எடுக்குமாம். பிறகு ஈரல் போயிடும். முதலே ஆஸ்பத்திரிக்குப் போனால்தான் தப்பலாம். எடுத்துக் குப்பையில போடு."

"ஓம் மச்சாள். போடுறன்."

பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன் என்று நான் சொல்லவில்லை. போனை வைத்தேன்.

அங்கிருந்து அவருடைய கதவுக்கு இருபது அடி. நான் போகவில்லை.

என்ன செய்தேன் என்பதை ஒளிக்காமல் எழுதுகிறேன். முதலில் குப்பையைக் கிளறி, வெட்டி எறிந்த காளான் அடிகளை எடுத்துப் பார்த்தேன். ஒரு பையில் கட்டினேன். திரும்பவும் குப்பைக்குள் போட்டேன். சட்டியைத் தேய்த்தேன், அடுப்பைத் தேய்த்தேன், தேய்த்த அடுப்பையே மறுபடியும் தேய்த்தேன். பொலிஸ் வரும், கோர்ட்டுக்குக் கூப்பிடுவார்கள், விசாவைப் பறித்துப் பிளேனில் ஏற்றிவிடுவார்கள் என்று நினைத்தேன். பதினாறு வருடத்தில் என் பெயரில் ஒரு சின்ன முறைப்பாடுகூட இந்த நாட்டில் இல்லை. ஆர்ச்வே கோயில் முருகனை நினைத்து, அவர் அதைச் சாப்பிட்டிருக்கக் கூடாது, காரமென்று கொட்டியிருக்க வேண்டும் என்று மன்றாடினேன்.

அதற்குப் பிறகு வந்த நினைப்பை இதுவரை யாருக்கும் சொன்னதில்லை. அவருக்கு எண்பது தாண்டிவிட்டது, தனி ஆள், என்ன நடந்தாலும் வயதுதான் காரணம் என்பார்கள், கறியை யார் தேடப் போகிறார்கள் என்று நினைத்தேன். ஏதோ வழி கிடைத்த மாதிரி ஒரு கணம் நெஞ்சு லேசானது. பிறகு என்னை நினைக்க எனக்கே அருவருப்பாக இருந்தது. அப்போதும் நான் எழும்பவில்லை.

முந்திய கிழமைதான் குளிர்காலத்துக்காக மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைத்திருந்தார்கள். நாலரைக்கே இருட்டு இறங்கிற்று. இருட்டத் தொடங்கியதும் அவர் குசினி லைட்டைப் போட்டுத் திரையை இழுப்பார். தெருவில் மற்ற யன்னல்கள் எல்லாவற்றிலும் வெளிச்சம் வந்துவிட்டது. அவருடையதில் வரவில்லை. மரத்தின் கீழே விழுந்து கிடந்த அப்பிள்கள் கண்ணுக்குத் தெரியாமல் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு குப்பைக்குள் இருந்த பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஒரு காலில் செருப்பு இல்லை.

மணியை அடித்தேன். பதிலில்லை. கதவைத் தட்டினேன். கடிதம் போடும் துவாரத்தால் குனிந்து பார்த்தேன். உள்ளே ஒரே இருட்டு, எங்கோ தொலைக்காட்சி மட்டும் முணுமுணுத்தது. கொன்றுவிட்டேன் என்று எனக்கு நானே சத்தமாகச் சொன்னேன்.

கதவு திறந்தது. சாய்வுக்கதிரையில் கண்ணயர்ந்துவிட்டாராம். தலைமயிர் ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. கறி அருமை, முழுவதையும் முடித்துவிட்டேன், உப்புத்தான் கொஞ்சம் தூக்கல் என்றார். எனக்கு இங்கிலீஷ் மறந்துபோயிற்று. மஷ்ரூம், பேட், மஷ்ரூம், பேட் என்று அதையே சொல்லிக்கொண்டு நின்றேன். பழுதாகிவிட்டதைச் சொல்கிறேன் என்று நினைத்து என் தோளைத் தட்டினார். கடைசியில் "பாய்சன்" என்ற சொல் வந்தது.

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் படியில் உட்கார்ந்தார். இது உனக்கு எப்போது தெரியும் என்று கேட்டார்.

"ஜஸ்ட் நவ்," என்றேன்.

நான் யோசித்துச் சொன்ன பொய்யல்ல. ஆனால் கேள்வி முடிய முதலே பதில் வாயில் இருந்தது.

அதற்குப் பிறகு அவர்தான் எல்லாம் செய்தார். மருத்துவ உதவி நம்பருக்குப் போன் எடுத்தார், டாக்சிக்குச் சொன்னார், கோட்டைப் போட்டார், பூனைக்குச் சாப்பாடு வைத்தார். எனக்குத் தன்னுடைய செருப்பொன்றையும் தந்தார். ஆஸ்பத்திரியில் தாதி அதே கேள்வியைக் கேட்டார், டொக்டரும் கேட்டார். எத்தனை மணிக்குச் சாப்பிட்டார், எத்தனை மணிக்குத் தெரியவந்தது. சாப்பிட்டது ஒன்றேகால், தெரியவந்தது நாலரை என்று இரண்டு பேருக்கும் சொன்னேன். நேரம்தான் முக்கியம் என்று டொக்டர் சொன்னார். நான் குசினியில் இருந்து வீணாக்கிய ஒரு மணித்தியாலமும் நாற்பது நிமிடமும் அவருடைய ஈரலில் ஏறிக்கொண்டிருக்கிறது என்று நினைத்தேன். இரத்தம் எடுத்தார்கள், நஞ்சை உறிஞ்சும் கரிக்கரைசல் குடிக்கக் கொடுத்தார்கள். என் பையிலிருந்த காளான் அடிகளைப் படம் எடுத்து, காளான் தெரிந்த ஒருவருக்கு அனுப்பினார்கள். கரி அப்பிய வாயோடு அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் திரும்பி அழுதேன்.

ஏழு மணிக்குக் கிட்ட டொக்டர் வந்தார். அது நஞ்சில்லையாம். நச்சுக் காளான் போலவே கோது உள்ளதுதான், ஆனால் வேறு சாதி, சாப்பிடக்கூடியது. ஆசியாவில் வைக்கோலில் வளர்க்கிறார்களே, அதற்குச் சொந்தக்காரன் என்றார். அப்படியானால் மச்சாள் சொன்னது எங்களுடைய காளானுக்குப் பொருந்தவில்லை. காளான் விசயத்தில் நான் பிழை விடவில்லை.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் நின்ற தாதியிடம் சொன்னார்: தெரிந்த அந்த நிமிடமே ஓடி வந்தவள் இவள், குளிரில், ஒற்றைச் செருப்போடு. வேறு யாரும் என்றால் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பார்கள். தாதி என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் குனிந்து, காலிலிருந்த சோடி சேராத செருப்புகளைப் பார்த்தேன்.

வேலை முடிந்து வந்து இவர் எங்களைக் காரில் கூட்டிப் போனார். அவரை வீட்டுக்குள் விட்டுவிட்டு வந்த பிறகு இவர் கேட்டார்.

"அக்கா மூண்டு மணிக்கு முதலே உமக்குப் போன் எடுத்தவவாமெல்லோ?"

"பாலைச் சூடாக்கவே?" என்று கேட்டுக்கொண்டு நான் குசினிக்குள் போய்விட்டேன். இவர் அதற்குப் பிறகு அந்தக் கதையை எடுக்கவில்லை. எடுத்துப் பேசி என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தெருவில் கதை பரவிற்று. கடிதம் கொண்டுவருபவருக்குக்கூட அவர் சொன்னார். ஒவ்வொரு தடவையும் அவருடைய கதையில் நான் இன்னும் வேகமாக ஓடி வந்தேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள், எனக்கு அவருடைய கதவு திறக்கும் சத்தம் கேட்டாலே நெஞ்சு அடித்தது. முன்பு அவர் செத்துவிடுவார் என்று பயந்தேன். இப்போது அவர் என்னை நல்லவள் என்று சொல்லப்போகிறார் என்று பயந்தேன்.

தை மாதத்தில் குடியுரிமைக்கு விண்ணப்பம் நிரப்பினேன். இந்த நாட்டுக் கடவுச்சீட்டு உள்ள, என்னைத் தெரிந்த ஒருவர் என்னைப் பற்றிக் கையெழுத்து வைக்க வேண்டியிருந்தது. நான் வேறு யாரையாவது கேட்க நினைத்தேன். இவர்தான் வேலியால் பேசும்போது அவரிடம் சொல்லிவிட்டார். அவர் உடனே பேனையோடு வந்துவிட்டார்.

எங்கள் மேசையடியில் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தாளை ஒவ்வொரு வரியாக வாசித்தார். விண்ணப்பதாரர் நற்பண்புள்ளவர் இல்லையென்று எண்ணக் காரணம் ஏதும் தெரியுமா என்பது போல ஒரு வரி வந்தது. அதைச் சத்தமாக வாசித்துவிட்டுச் சிரித்தார். இந்த ஒரு கேள்விக்குத் தன்னைப்போல் பதில் சொல்லக்கூடிய ஆள் லண்டனிலேயே இல்லை என்றார். இவர் தன் தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது சொல்லு, இப்போது சொல்லு என்று நெஞ்சு அடித்தது. சொல் வாய்வரைக்கும் வந்தது.

அவர் பேனையைத் திறந்தார். ஒவ்வோர் எழுத்தாக மெதுவாக எழுதினார். கடைசி எழுத்து முடியும்வரைக்கும் நான் மூச்சு விடவில்லை.