கொழுந்துத் தராசில் ஒரு பிள்ளை

பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நல்லமுத்துவுக்குத் 'தராசு' என்று பட்டப்பெயர். அவனுக்குத் தெரியாமல் அப்படிச் சொல்வதாகக் கொழுந்தெடுக்கும் பெண்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவனுக்குத் தெரியும், உள்ளூரப் பெருமையும் உண்டு. பத்து வருஷம் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடித்தவனை, கணக்கில் புலி என்று தோட்டத்துத் துரை, நிறுவைக் கொட்டகையான மடுவத்தில் கொழுந்து நிறுக்கப் போட்டார். பதினெட்டுக் கிலோ இருந்தால் முழுப்பேர். நூறு கிராம் குறைந்தாலும் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். பெண்டாட்டி நிஷாந்தி ஒருநாள் பதினேழே முக்கால் கொண்டுவந்தபோது அவளுக்கும் அரைப்பேர்தான் போட்டான். அன்றைக்கு வீட்டில் அவனுக்கு அரைச்சோறுதான் விழுந்தது என்று கூடக் கொழுந்தெடுக்கும் ராக்காயி இன்னும் சொல்லிச் சிரிப்பாள்.

அப்படிப்பட்டவனுக்கு ஒரே மகள், சுதர்ஷினி. அவளுக்கு மூன்றரை வயதாக இருந்தபோது, ஐப்பசி மழையில் அவர்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் மலை சரிந்தது. உயிர்ச்சேதம் இல்லை. கடைசி இரண்டு காம்பரா மண்ணுக்குள் போனதைப் பிள்ளை தாயின் தோளிலிருந்து பார்த்தாள். அப்புறம் மூன்று மாதம் பள்ளிக்கூடத்தில், ஒரு வகுப்பறைக்கு ஏழு குடும்பமாகக் கிடந்தார்கள். மீதிக் காம்பராக்களில் இருக்கலாம் என்று சொல்லித் திருப்பி அனுப்பிய பிறகு, தகரத்தில் நாலு துளி விழுந்தாலே பிள்ளை செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் போய் நின்றாள்.

அதோடு அவள் வளரவும் இல்லை. கிளினிக்கில் மருத்துவமாது அப்ரா வைத்திருந்த வளர்ச்சிக் கோடு மேலே ஏறுவதை விட்டுப் படுத்துக்கொண்டது. நாலு மாதத்தில் உயரம் அரைச் சென்டிமீட்டர்கூடக் கூடவில்லை. இப்படியே போனால் பிள்ளை கட்டையாகவே நின்றுவிடும் என்று அப்ரா சொன்னாள்.

நல்லமுத்துவுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். முட்டை, பால், திரிபோஷச் சத்துமாவு எல்லாவற்றையும் பக்கத்திலிருந்து ஊட்டினான். தின்றது உடம்பில் சேர்கிறதா என்று பார்க்க வேண்டாமா? தினமும் சாயங்காலம் கடைசிக் கொழுந்து நிறுத்தானதும் மகளைக் காலிச் சாக்கில் உட்காரவைத்துத் தராசுக் கொக்கியில் தொங்கவிட்டான். பதினொரு கிலோ தொள்ளாயிரம். மறுநாள் பதினொன்று எண்ணூறு. குறைந்த நாளெல்லாம் எல்லார் முன்னாலும் ஏசினான். "புள்ளைக்கும் அரப்பேரு போடப் போறீங்களா?" என்று ராக்காயி கேட்டாள். பெண்கள் சிரித்தார்கள். சாக்குக்குள் இருந்தவள் சிரிக்கவில்லை.

ஒரு மாதத்தில் சோற்றுக்கோப்பையைக் கண்டாலே பிள்ளைக்குக் குமட்டியது. விட்டிருந்த பழக்கம் திரும்பி, பாயை நனைக்க ஆரம்பித்தாள். நிஷாந்தி இதையெல்லாம் கிளினிக்கில் கொட்டினாள். தராசைப் பற்றியும் சொன்னாள். அப்ரா ஆளனுப்பி நல்லமுத்துவை வரவழைத்தாள்.

"சாப்பாட்டுல கொறையில்ல அண்ணே. பயந்துகிட்டே இருக்குற ஒடம்பு தப்பிக்கிறதத்தான் பாக்கும். வளர்றத அப்பறம் பாத்துக்கலாம்னு விட்டுரும். மழைக்குப் பயப்படுற புள்ளைக்கு நீங்க தராசு பயத்தையும் சேத்துக் குடுக்குறீங்க."

நல்லமுத்துவுக்குச் சுருக்கென்றது. மகளுக்காக ஆலாய்ப் பறக்கிறவனைப் பார்த்து இவள் என்ன பேசுகிறாள்? பயத்துக்கு ஏது நிறை என்று வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டு போனான். நிறுப்பதையும் விடவில்லை. பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

ஆவணியில் ஒருநாள் தராசு பன்னிரண்டு அறுநூறு காட்டியது. ஒரே நாளில் எழுநூறு கிராம்! நல்லமுத்து மடுவம் முழுக்கக் கேட்கும்படி எண்ணைச் சொன்னான். மகளைச் சாக்கிலிருந்து தூக்கும்போது உள்ளே ஏதோ கடகடத்தது. அந்தச் சத்தம் அவனுக்குப் பழக்கம். கொழுந்துக்குள் கல் வைத்து நிறை கூட்டப் பார்க்கிறவர்களைப் பிடிப்பதில் அவனை மிஞ்ச ஆளில்லை. கை தானாகவே பிள்ளையின் சுவெட்டர் பைக்குள் போனது. இரண்டு பக்கமும் பாதையோரத்துக் கல்.

சுதர்ஷினி அவன் முகத்தைப் பார்த்தாள். மூடியிருந்த கையை விரித்து நீட்டினாள்.

"போதுமாப்பா? இன்னும் ரெண்டு வச்சிருக்கேன்."

ஒருத்தியும் சிரிக்கவில்லை. நல்லமுத்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். கல் வைத்தவர்களை எத்தனை பேரை எத்தனை தடவை நாறடித்திருக்கிறான்! அவர்கள் சம்பளத்துக்குப் பயந்து வைத்தார்கள். இந்த நாலு வயதுப் பிள்ளை அவனுக்குப் பயந்து வைத்திருக்கிறது. வெட்கமும் துக்கமும் ஒன்றாக வந்து, அத்தனை பெண்கள் முன்னால் வாய்விட்டு அழுதான். ராக்காயி வந்து சாக்கைக் கொக்கியிலிருந்து கழற்றினாள்.

அதற்குப் பிறகு அவன் மகளை நிறுக்கவே இல்லை. சோறு விஷயத்தை நிஷாந்தியிடம் விட்டான். தகரத்தில் மழை விழுந்தால் தானும் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் மகளோடு நின்றான். சில நாள் ஒரு மணி நேரம்கூட நின்றார்கள். மழை விட்டதும் இருவரும் உள்ளே வந்து தேத்தண்ணி குடித்தார்கள். மார்கழிக்குள் பாய் நனைவது நின்றது. தைப்பொங்கலுக்குப் பொங்கலைக் கேட்டு வாங்கி இரண்டாந்தரம் தின்றாள்.

மாசி மாதக் கிளினிக்கில் அப்ரா அளந்து பார்த்தபோது உயரம் மூன்று சென்டிமீட்டர் கூடியிருந்தது. விட்டது முழுவதையும் பிடித்துவிடுவாளா என்று நல்லமுத்து கேட்டான். கொஞ்சம் பிடிப்பாள், மிச்சத்தை இப்போது சொல்ல முடியாது என்றாள் அவள். மலை சரிந்ததற்கு யார் என்ன செய்ய முடியும் என்று ஆறுதலும் சொன்னாள்.

"மல செஞ்சது பாதிதான் மிஸ்," என்றான் நல்லமுத்து. "மீதி நான் செஞ்சது."