என் ஜீப்பின் நம்பர் காணாமல் போன காலை

இன்று ஆர்.டி.ஓ. ஆபீஸ் மைதானத்தில், என் ஜீப்புக்கு அடியில் என் கணவர் படுத்திருந்தார்.

வெள்ளைச் சட்டையில். கழுத்தில் ஆபீஸ் ஐ.டி. கார்டோடு.

என்னைவிட வயதில் மூத்த ஒரு ஃபோர் வீல் டிரைவ் ஜீப்பை வாங்கி, ஞாயிறுதோறும் கழற்றி மாட்டிக்கொண்டிருக்கிறேன் என்பது இங்கே பலருக்குத் தெரியும். (தெரியாதவர்கள் என் பழைய பதிவுகளைப் பார்க்கலாம். எல்லாமே கார்புரேட்டர் படங்கள்தான், மன்னிக்கவும்.)

மயிலாப்பூரில் எங்கள் ஃப்ளாட்டுக்கு ஒரே ஒரு பார்க்கிங். அதில் ஜீப் நிற்கிறது.

கணவரின் கார் தெருவில், தூங்குமூஞ்சி மரத்தடியில் நிற்கிறது. மேலே காக்கைக் கூட்டம். மீதியை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

அதனால் வீட்டில் ஓர் ஒப்பந்தம். இன்று இன்ஸ்பெக்‌ஷனில் பாஸாகி ஆர்.சி. ரின்யூவல் ஆகிவிட்டால், இன்னும் ஐந்து வருடம் ஜீப் அங்கேயே நிற்கலாம். ஆகாவிட்டால் ரோட்டில் ஓட்ட முடியாத வண்டி எதற்கு? பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, பார்க்கிங்கை அவருக்குக் கொடுத்துவிட வேண்டும்.

வழியில் நின்றுபோனால் தள்ள ஆள் வேண்டுமே என்று அவரையும் கூட்டிப் போனேன். அரை நாள் பர்மிஷன் போட்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வந்தார்.

பிரேக் ஓகே. லைட் ஓகே. ஹாரன் ஓகே. இன்ஸ்பெக்டர் வண்டியைச் சுற்றி வந்தார்.

"நல்லா பண்ணிருக்கீங்கம்மா."

எனக்குத் தலைகால் புரியவில்லை.

பிறகு முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்தார். அங்கே சேசிஸ் சட்டத்தில், கம்பெனியில் அடித்த நம்பர் இருக்கும். அதை ஆர்.சி.யோடு ஒத்துப் பார்ப்பார்கள். விரலால் தடவினார். இன்னொரு முறை தடவினார்.

"நம்பர் எங்கம்மா?"

"அங்கதான் சார் இருக்கும்."

"நீங்களே பாருங்க."

பார்த்தேன். கறுப்பு பெயிண்ட் பளபளவென்று மின்னியது. ஓர் எழுத்துகூட இல்லை.

"நம்பர் இல்லன்னா என்னால கையெழுத்துப் போட முடியாது. ஆர்.சி.ல இருக்கிற வண்டி இதுதான்னு நான் எப்படிம்மா நம்புறது?"

அவர் கேட்டதும் நியாயம்தான். கே.கே. நகரில் பெயிண்ட் அடித்துக் கொடுத்த பாய்க்குப் போன் போட்டேன்.

"பாய், சேசிஸ் நம்பர் என்ன ஆச்சு?"

"இன்னா மேடம் இப்ப கேக்குறீங்க? நீங்கதான பக்கத்துலயே நின்னுகினு, ஒரு மேடு பள்ளம் தெரியக் கூடாதுன்னு சொன்னீங்க. பட்டி வச்சு ஸ்மூத்தா பண்ணி வுட்டேன்."

(சொன்னேன். ஒரு முறை அல்ல, உயிரை எடுக்கும் அளவுக்குச் சொன்னேன்.)

"மெஷின் போட்டுத் தேய்ச்சீங்களா?"

"துரு இருந்த எடத்துல போட்டேன். அந்த எடத்துல போட்டனா இல்லியான்னு ஞாபகம் வர்ல மேடம்."

பட்டிக்கு அடியில் நம்பர் இருந்தால் பிழைத்தேன். மெஷினில் தேய்ந்து போயிருந்தால், இத்தனை வருட ஞாயிற்றுக்கிழமைகளும் எடைக்குத்தான் போகும். அத்தனை பேர் நடுவில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"சார், கொஞ்சம் டைம் குடுங்க. காட்டுறோம்."

சொன்னது நானில்லை, என் கணவர்.

"லஞ்சுக்கு முன்னாடி காட்டுங்க," என்று இன்ஸ்பெக்டர் அடுத்த வண்டிக்குப் போனார்.

திரும்பிப் பார்த்தால் இவரையும் காணோம். (ஆட்டோ பிடித்து தரமணி ஆபீஸுக்கே போய்விட்டார் என்று நினைத்தேன்.)

எதிர் ஹார்டுவேர் கடையிலிருந்து, பெயிண்டைக் கரைக்கும் தின்னர் பாட்டிலோடு வந்தார். வந்த வேகத்தில் தரையில் படுத்து, வண்டிக்கு அடியில் நுழைந்தார்.

"ஊக்கு குடு."

"என்னது?"

"செயின்ல தொங்கவிட்டிருப்பியே, அதைக் குடு."

(தாலிச் செயினா, ஃபேன்ஸி ஸ்டோரா என்று தினமும் கிண்டல் செய்வாரே, அதே ஊக்கு.)

தின்னர் ஊற ஊற பெயிண்ட் சுருண்டு வந்தது. ஊக்கால் பட்டியைச் சுரண்டினார். வெறும் இரும்புதான் தெரிந்தது. இன்னும் சுரண்டினார்.

"ஒரு வளைவு தெரியுது."

"கீறலா இருக்கும்."

"இல்லடி. அஞ்சு."

ஆர்.சி.யை விரித்துப் பிடித்தேன். அவர் அடியிலிருந்து ஒவ்வோர் எண்ணாகச் சொல்ல, நான் மேலேயிருந்து சரி, சரி என்றேன். கடைசி எண்ணும் சரியாக இருந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஆபரேஷன் தியேட்டரிலிருந்து நல்ல செய்தி வந்ததுபோல் ஒரு நிம்மதி.

இன்ஸ்பெக்டர் பேப்பரை வைத்து, பென்சிலால் தேய்த்து நம்பரை எடுத்துக்கொண்டார்.

"இனிமே இது மேல பெயிண்ட் அடிக்காதீங்கம்மா. கிரீஸ் தடவி விடுங்க, போதும்."

பாஸ்!

திரும்பி வரும்போதுதான் கேட்டேன்.

"ஏங்க, சும்மா நின்னுருந்தா உங்களுக்குப் பார்க்கிங் கிடைச்சிருக்குமே?"

சைடு மிரரில் பார்த்து மூக்கில் இருந்த பெயிண்டைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"வண்டி போயிட்டா ஞாயித்துக்கிழமை நீ யாரைக் கழட்டி மாட்டுவ? என்னைத்தான்."

இப்போது ஜீப் நிழலில் நிற்கிறது. அவர் கார் மரத்தடியில். இனி ஐந்து வருடத்துக்கு அந்தக் காரைக் கழுவுவது என் வேலை என்று நானாகவே ஒப்புக்கொண்டேன்.

காக்கை எச்சம் போக நல்ல வழி தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள்.

(தின்னர் என்று மட்டும் சொல்லாதீர்கள்.)