ஊருணிக்கு எதற்குக் காவல்

என் அப்பா ஊருணிக் காவல்காரர். ஊராட்சியில் சம்பளம். திருச்சுழிக்குத் தெற்கே எங்கள் பக்கம் எங்கே கிணறு தோண்டினாலும் உப்புத் தண்ணீர்தான். மழைக்கு நிரம்புகிற ஊருணியை நம்பித்தான் ஊரே குடிக்க வேண்டும். அதனால் அதில் யாரும் கால் வைக்கக் கூடாது, கை கழுவக் கூடாது. படியில் குந்தியபடி மொண்டுகொண்டு வந்துவிட வேண்டும். ஆடு மாடு இறங்காமல், லாரிக்காரர்கள் வண்டி கழுவாமல் பார்த்துக்கொள்வது அப்பாவின் வேலை. அவர் வாய்க்குப் பயந்து நாய்கூடக் கரையேறாது என்று ஊரில் கேலி பேசுவார்கள். அவருக்கு அதில் பெருமைதான்.

எண்பதுகளில் அப்பா வேலைக்குச் சேர்ந்ததில் இருந்து ஊராட்சியில் எத்தனையோ தலைகள் மாறின. தேர்தலே நடக்காமல் ஆபீசர்கள் ஊராட்சியைப் பார்த்த வருடங்களும் உண்டு. அப்போதும் சம்பளம் முன்னே பின்னே வந்துவிடும். தொண்ணூறுகளின் நடுவில் தேர்தல் வைத்தார்கள். இனி நம்ம ஆட்கள் வருவார்கள் என்று அப்பா வெயிலில் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார். நம்ம ஆட்களும் வந்தார்கள். நிதி இல்லை என்று அவர்கள் முதல் கூட்டத்திலேயே நிறுத்தியது காவல்காரர் சம்பளத்தை.

அதே கூட்டத்தில் இன்னொரு தீர்மானமும் போட்டார்கள். மெம்பர்களுக்குக் கொடுக்கும் கூட்டப்படி டீச் செலவுக்குக்கூடக் காணவில்லையாம், அதைக் கூட்டித் தரச் சொல்லி அரசாங்கத்துக்கு எழுத வேண்டுமாம். எடுத்துச் சொன்னவர் எங்கள் வார்டு மெம்பர். ஓட்டுக் கேட்டு வந்தபோது எங்கள் வாசலில் நின்று அம்மா கையால் தண்ணீர் வாங்கிக் குடித்தவர்.

ஊர் கூடிப் பேசியது. சம்பளம் திரும்ப வருகிறவரை வீட்டுக்கு ஒரு நாள் முறை வைத்துக் காப்பது என்று முடிவானது. அப்பாவின் கம்பையே முறைக்கம்பு ஆக்கினார்கள். இன்றைக்குக் காத்தவர் பொழுது சாய்ந்ததும் கம்பை அடுத்த வீட்டு வாசலில் சாத்திவிட்டுப் போவார். கம்பு நிற்கிற வீட்டுக்கு மறுநாள் முறை. ஊருணி சுத்தமாக இருந்தால் ஊருக்கு நல்ல பேர் வரும், அந்தப் பேரைச் சொல்லி அப்பாவின் வேலையைத் திருப்பிக் கேட்கலாம் என்று எல்லாரும் நம்பினார்கள்.

அம்மா மட்டும் நம்பவில்லை. "ஒரு மாசம் காவல் இல்லாமக் கெடக்கட்டும். தண்ணி நாறுனாத்தான் அவுகளுக்கு இவுக ஞாபகம் வரும்" என்றாள். குடிக்கிற தண்ணீரை வைத்துப் பேசுகிற பேச்சா இது என்று அப்பா பாதிச் சோற்றில் எழுந்துவிட்டார். அம்மா சொன்னதைச் செய்ய ஊரில் யாருக்கும் மனசு வராது. எல்லார் வீட்டுக் குடமும் அங்கேதான் நிறைய வேண்டும்.

ஊர் காத்தது. நாங்கள்தான் வடிகட்டின ஏமாளிகள் ஆயிற்றே, ஒரு நாள்கூட முறை தவறவில்லை. பலசரக்குக் கடைக்காரர் கடையைச் சாத்திவிட்டு வந்து காத்தார். எங்கள் வீட்டு முறையும் வந்தது. சம்பளம் வாங்கிச் செய்த வேலையை அப்பா சும்மா செய்யப் போனார். மற்ற நாட்களிலும் சும்மா இருக்கமாட்டார். கரையில் நின்றுகொண்டு முறைக்காரர்களிடம் நொட்டை சொல்லிக்கொண்டிருப்பார்.

கோடை தொடங்கியபோது மெம்பர் பொன்னாடையோடு ஊருணிக் கரைக்கு வந்தார். அருப்புக்கோட்டை மில்லில் எனக்கு அன்று லீவு, நானும் கூட்டத்தில் நின்றேன். மக்கள் தொண்டில் எங்கள் ஊர்தான் முன்மாதிரி என்று பேசிவிட்டு அப்பாவுக்குப் பொன்னாடையைப் போர்த்தினார். அப்பா அதை எடுக்கக்கூட இல்லை, தோளில் இருக்கும்போதே சம்பளத்தைப் பற்றிக் கேட்டார். மெம்பர் செம்பில் தண்ணீர் வாங்கிக் குடித்து வாயைத் துடைத்துக்கொண்டார்.

"தண்ணி எளநி கணக்கா இருக்குண்ணே. இதுக்கு எதுக்குச் சம்பளத்துக்கு ஒரு ஆளு?"

காவல்காரர் வேலையே தேவையில்லை என்று தீர்மானம் போட்டாயிற்று என்பதை அதற்குப் பிறகுதான் சொன்னார். கூட்டப்படி என்ன ஆச்சு என்று யாரோ கேட்டார்கள். அது மேலே போயிருக்கு, வந்துவிடும் என்றார். அப்பா பொன்னாடையை எடுத்து மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டைப் பார்க்க நடந்தார். எனக்கு அன்று வந்த ஆத்திரம் இன்றும் ஆறவில்லை.

அந்தக் கோடையிலேயே அப்பா மதுரைக்குப் போய்விட்டார். ஒரு கல்யாண மண்டபத்தில் வாட்ச்மேன் வேலை, வருகிறவர்களின் கார்களுக்குக் காவல். கொஞ்ச நாள் கழித்து ஒரு சாயங்காலம் நான் மில் வேனில் இருந்து இறங்கி வருகிறேன், எங்கள் வாசலில் கம்பு நிற்கிறது. அம்மா அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஒடித்து அடுப்பில் வைக்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். வைத்தால் நல்லது என்றும் நினைத்தேன்.

விடிந்ததும் அம்மா கம்பை எடுத்துக்கொண்டு ஊருணிக்குக் கிளம்பினாள். நீயுமா போகிறாய் என்று கத்தினேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"வேறென்னத்தச் செய்யச் சொல்ற? நாளைக்கும் நாம அதத்தான குடிக்கணும்."