விதைக்கு விட்ட பீர்க்கங்காய்

அண்ணனூரில் அந்தத் தெருவில் பூங்காவனத்தைக் கேட்காமல் ஒரு கத்திரி நாற்றுகூட மண்ணில் இறங்காது. எந்தச் செடிக்குச் சாம்பல், எதற்கு அரிசி கழுவிய தண்ணீர் என்று எல்லோரும் அவளிடம்தான் வருவார்கள். கடையில் காய் வாங்குகிற வீடு இல்லை தன்னுடையது என்று அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இருக்காதா பின்னே?

எண்பத்தெட்டில் ஒரு நாள், நூம்பலிலிருந்து நாத்தனார் பார்வதம் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினாள். "உங்க ஊட்டுக் காய் துன்னு எத்தினி நாளாச்சு அண்ணி!" என்றாள், செருப்பைக் கழற்றும்போதே. தோட்டத்தில் கத்திரி முழுக்கச் சொத்தை. கீரையை முந்தின நாள்தான் கடைந்து தீர்த்திருந்தார்கள். பையைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போயிருக்கலாம். இவள் முன்னாலா? மனசு வரவில்லை.

வேலிக்கு இந்தப் பக்கம் ஒரு பீர்க்கங்காய் தொங்கியது. பக்கத்து வீட்டு ஜமீலா முதன்முதலாகப் போட்ட கொடி. கொடி ஓய்கிற நேரத்தில் மிஞ்சியது அந்த ஒரு காய்தான். இன்னும் நார் ஏறாத இளங்காய்; காம்பில் சிவப்புத் துணி கட்டியிருந்தது. விதைக்கு விட்ட காய், யாரும் கை வைக்கக் கூடாது என்று அர்த்தம். அப்படிக் கட்டச் சொல்லிக் கொடுத்ததே பூங்காவனம்தான்.

தெரிந்தேதான் பறித்தாள். துணியை அடுப்பில் போட்டாள். பாசிப்பருப்போடு கூட்டு வைத்து, தோலைக்கூட விடாமல் துவையல் அரைத்துவிட்டாள்.

பார்வதம் இரண்டாம் தரம் சோறு போட்டுக்கொண்டிருந்தபோது ஜமீலா வாசலில் வந்து நின்றாள். கண் கலங்கியிருந்தது.

"அக்கா, கோச்சிக்காதீங்க. அவ்ளோ சொல்லிக் குடுத்தீங்க, அந்த ஒரு காயக் காப்பாத்த முடியல என்னால. காணோம்."

பூங்காவனத்துக்கு உடம்பெல்லாம் கூசியது. திருடியவளிடமே வந்து மன்னிப்புக் கேட்கிறாளே! அப்போதாவது சொல்லித் தொலைத்திருக்கலாம். "அணில் கடிச்சிப் போட்டிருக்கும்மா" என்றது அந்தப் பாழாய்ப்போன வாய்.

"யாரு அண்ணி அது?" உள்ளேயிருந்து பார்வதம் குரல் கொடுத்தாள். "பீர்க்கங்காய் கூட்டு அமிர்தமா கீது. வா கண்ணு, ஒரு வாய் துன்னுட்டுப் போ."

ஜமீலா உள்ளே ஒரு தரம் பார்த்தாள். "இருக்கட்டும், நான் சாப்ட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். சண்டை போடவில்லை, தெருவில் ஒருத்தரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடப் பூங்காவனத்துக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அடுத்த ஆடியில் ஜமீலா எங்கிருந்தோ விதை வாங்கி வந்து ஊன்றினாள். கொடி ஏறுவதற்குள் இலையெல்லாம் பழுத்தது. பூங்காவனம் வேலியோரம் வந்து வந்து நின்றாள். "நல்லா கீறீங்களாக்கா?" என்று ஜமீலா எப்போதும்போல் கேட்டாள். கொடியைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.