ஜன்னலோர ஜாடி

ஓடையில குத்தவச்சு ஒரு கை மண்ணெடுத்து, முந்தானையில முடிஞ்சிருக்கிற எலுமிச்சம்பழத்தை அது மேல பிழியுறா அம்சவள்ளி. மண்ணு புசுபுசுன்னு நுரைச்சா, "சுண்ணாம்பு இருக்கு. போ அங்கிட்டு"ன்னு அதட்டி வீசிருவா.

"மண்ணுக்குத் திஷ்டி கழிக்கிறியாடீ?"ன்னு மூக்காலயே இழுப்பா, ஆடு மேய்க்கிற வீரம்மா.

"ஒனக்கும் சேத்துத்தான் மதினி. நவுரு, வெயில மறைக்காத."

எழுபத்தஞ்சாம் வருசம் விருத்தாசலத்துல பீங்கான் வேலை கத்துக்கிட்டு வந்தவ அம்சவள்ளி. மொதல்ல கப்பு, சாசரு, பூச்சாடின்னு செஞ்சா. அப்புறம், ஓடையில கல்லாப் போயிக் கெடக்குற நத்தைங்க மேல கண்ணு விழுந்துச்சு. அரியலூர்ப் பக்கம் எந்தப் பள்ளத்துல எறங்குனாலும் அது கால்ல மிதிபடும். யாரு குனிஞ்சு பாக்குறா? இவ பொறுக்கியாந்து, அசல் நத்தையவே ஜாடி வயித்துல பதிச்சு சூளையில வச்சுட்டா. எடுத்தப்ப வெள்ளை வெளேர்னு அப்படி ஒரு அழகு! திருச்சி கண்காட்சிக்குப் போச்சு. ஐப்பசி ஈரம் ஏற ஏற, மேசை மேலயே "படக்... படக்"னு சனங்க முன்னாடி தெறிச்சிருச்சு. வெந்த நத்தை சுண்ணாம்பாகி, ஈரத்துல ஊதிருச்சு.

"ஏம்மா, இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா இந்தப் பக்கமே வராத"ன்னுட்டாரு கண்காட்சி சாரு.

மண்ணுல சுண்ணாம்பு கலந்திருந்தாலும் இதே கதிதான்; அதுலேருந்துதான் முந்தானையில எலுமிச்சம்பழம். நத்தைய இப்ப பச்ச மண்ணுல அமுக்கிட்டு உடனே எடுத்துடுறா; வரி மட்டும் தங்கும். ஜாடி வாயும் மாறிருச்சு, வெடிச்ச பருத்திக்காய் மாதிரி நாலாப் பக்கமும் விரியுது. அப்படிச் செஞ்ச ஒண்ண, மழைக்காலம் பூரா வாசல்ல நனைய விட்டா. ஊரு சிரிச்சுது. ஜாடி கம்முனு கெடந்துச்சு.

அதத் தூக்கிக்கிட்டுத்தான் இந்த வருசக் கண்காட்சிக்குப் பஸ் ஏறப் போனா. கண்டக்டர் குழந்தைவேலு விசில வாயில கவ்விக்கிட்டே வழிய மறிச்சான். பழசு தெறிச்ச கதை அவனுக்கும் தெரியும்.

"அக்கா, வெடிகுண்டெல்லாம் நம்ம வண்டியில ஏத்துறதில்லீங்க."

"டிரைவர்கிட்ட இருக்கிற தண்ணிக் கேனக் குடு தம்பி."

வாங்கி, ஜாடி மேல கொடகொடன்னு கவுத்தா. காத வச்சா. பஸ்ஸே கழுத்த நீட்டிக் கேட்டுச்சு. ஒரு சத்தமும் இல்ல.

"ரெண்டு டிக்கெட்டு போடு."

காலியா இருந்தது ஜன்னலோரம் ஒரே ஒரு சீட்டு. ஜாடிய முந்தானையால தொடச்சு அதுல உக்கார வச்சுட்டு, கம்பியப் புடிச்சு நின்னா அம்சவள்ளி.